வெள்ளிக்கிழமை வண்டி

"பிரேக்கை மிதி! மிதின்னு சொல்றேன்ல!" என்று கத்தினார் லோகநாதன்.

நர்மதா மிதிக்கவில்லை. காரின் முன்பக்க டயர் வெடித்துத் தடதடவென்று அடித்துக்கொண்டிருக்க, ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தாள். வண்டி தானாக வேகம் குறையும்வரை பொறுத்திருந்து, எண்ணூர் சாலையின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒரு கன்டெய்னர் லாரி ஹாரனை அலறவிட்டபடி உரசுவதுபோல் கடந்து போனது.

"டயர் வெடிச்சா பிரேக் புடிக்கக் கூடாது மாமா. வண்டி கவுந்துடும்."

"இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். பின் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். ஸ்டெப்னியை உருட்டி வந்தாள். ஸ்பேனர் மேல் ஏறி நின்று நட்டுகளைத் தளர்த்தினாள். லோகநாதன் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

துறைமுக ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தண்டையார்பேட்டையில் தன் குடும்பத்தைப் பற்றி ஒரு சொல் பேச யாருக்கும் இடம் கொடுத்ததில்லை. மகன் பாரிக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி நாள் அவன் வீட்டில் இல்லை. அவன் இல்லாதபோது மருமகள் நர்மதாவின் நல்ல பெயருக்குத் தானே காவல் என்று நினைப்பவர்.

பின் சீட்டில் அவர் மனைவி கன்னியம்மா, அத்திப்பட்டு கிரகப்பிரவேசத்துக்குக் கொண்டுபோகும் சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து ஜாக்கியோடு ஓடி வந்தார் கடைக்காரர் சௌக்கத் அலி.

"இன்னா மேடம், போன வாரமே சொன்னேன்ல? டயர்ல பட்டன் தேயாம கீதுன்னு நம்பாதீங்க, சைடுல வெடிப்பு வுட்டுக்கீது, மாத்துங்கோன்னு. இந்த வெயிலுக்குத் தாங்குமா?"

லோகநாதனின் முதுகு நிமிர்ந்தது.

"போன வாரமா? இந்த வண்டியை எங்க பார்த்தீங்க பாய்?"

"இங்கதான் சார். வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம வருதே!" சிரித்தபடி காருக்குள் எட்டிப் பார்த்த சௌக்கத் அலிக்குச் சிரிப்பு நின்றுபோனது. "வேற வண்டியா கூட இருக்கும் சார்," என்று முணுமுணுத்துவிட்டு ஜாக்கியைச் சுற்ற உட்கார்ந்தார்.

லோகநாதன் மருமகளைத் தனியே அழைத்தார்.

"வெள்ளிக்கிழமை உங்க அத்தையைத் திருவொற்றியூர் கோயிலுக்குத்தானே கூட்டிக்கினு வர்றே?"

"ஆமா மாமா."

"கோயில் எங்க கீது, இந்த எடம் எங்க கீது? அவ உள்ள சாமி கும்புடற நேரத்துல வண்டிய எடுத்துக்கினு இங்க வர்றே. யாரைப் பார்க்க?"

"யாரையும் பார்க்க இல்ல."

"அப்போ எதுக்கு?"

நர்மதா தலை குனிந்தாள். "சொல்ல முடியாது மாமா. வாக்கு குடுத்துக்கீறேன்."

"கட்டினவன் கடல்ல கீறான். நீ இங்க எவனுக்கோ வாக்கு குடுத்துக்கினு கீறியா?"

"சார், பாவம், பொண்ணைப் போட்டு பேஜார் பண்ணாதீங்க," என்றார் சௌக்கத் அலி.

"நீங்க டயரைப் பாருங்க பாய். இது எங்க வூட்டு விஷயம்."

லோகநாதன் கார் ஜன்னலில் குனிந்தார். "பார்த்தியா கன்னியம்மா? உன்னைக் கோயில்ல வுட்டுட்டு ஊர் சுத்தறா உம் மருமவ. இத்தினி வருஷம் எங்கூட குடும்பம் பண்ணியே, என்னைக் கேக்காம ஒரு நாள் தெரு முனை தாண்டியிருப்பியா நீ?"

கன்னியம்மா தட்டிலிருந்த வெற்றிலையைச் சரிசெய்தாள்.

"இவளுக்கு எங்க இதெல்லாம் தெரியப் போவுது," என்று திரும்பினார் லோகநாதன். "நர்மதா, இன்னிக்கே உங்க அண்ணனுக்குப் போன் போடு. வந்து கூட்டிக்கினு போவட்டும். பாரி வந்து பேசிக்கட்டும். இனிமே இந்த வண்டியை நீ தொடக் கூடாது." காருக்குள் கைவிட்டுச் சாவியை உருவிக்கொண்டார்.

நர்மதாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "அப்போ அத்திப்பட்டுக்கு எப்படி மாமா போறது?"

"ஆக்டிங் டிரைவரைக் கூப்புடறேன்."

சௌக்கத் அலி கடைசி நட்டை இறுக்கிவிட்டு எழுந்தபோது பின் கதவு திறந்தது. கன்னியம்மா இறங்கி வந்து கணவர் முன் சீர்த்தட்டை நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் புடிங்க."

அவர் இரண்டு கைகளாலும் வாங்கினார். அவள் அவர் விரல்களுக்கு நடுவிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டாள். முந்தானையை இடுப்பில் செருகி, முன்பக்கம் ஏறி உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக் கண்ணாடியைத் திருப்பினாள்.

"கன்னியம்மா! அது டிரைவர் சீட்டு!"

"லைசென்ஸ் வந்துடுச்சாம்மா?" என்று சௌக்கத் அலி ஜன்னலில் குனிந்தார். "கிளட்ச் மேலயே காலை வெச்சுக்கினு ஓட்டாதீங்க. எத்தினி வெள்ளிக்கெழமதான் சொல்றது!"

"நேத்து வந்துச்சு பாய்," என்றபடி வண்டியைக் கிளப்பிய கன்னியம்மா, தட்டோடு நின்ற கணவரைப் பார்த்தாள். "போன வருஷம் நீங்க நெஞ்சைப் புடிச்சிக்கினு வுழுந்தப்ப, நர்மதா அவ அண்ணன் வூட்டுக்குப் போயிருந்தா; இந்த வண்டி வாசல்ல சும்மாதான் நின்னுச்சு. நான் ஆட்டோ தேடி ரோட்டுல ஓடினேன். அவ திரும்பி வந்த அன்னிக்கே அவகிட்ட, 'எனக்குக் கத்துக்குடு, மாமாகிட்ட சொல்லாதே'ன்னு வாக்கு வாங்கினேன். ஏறுங்க."