நாற்பத்தொன்றாம் படிவம்

அதிகாரியின் விரல் நாற்பத்தொன்றாம் படிவத்தில் நின்றது.

அவன் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தான். தோளில் ரெஜினா அக்காவின் கை.

வாய்க்கால் தெருவில் நாற்பத்து மூன்று வீடுகள். இருபத்தாறு பேருக்குக் காமாலை. ஒரு சாவு.

குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் மூழ்கிக் கிடக்கிறது. அதைத் தோண்டி மாற்ற வேண்டும் என்பதுதான் மனு. வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், வீடு வீடாகக் கணக்கெடுத்துக் கொடுப்போம் என்றவன் அவன்தான். கேள்விகளை எழுதியவனும் அவன். கதவுகளைத் தட்டியவனும் அவன்.

ஏழாம் கேள்வி: தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறீர்களா?

எட்டாம் கேள்வி: இல்லை என்றால், ஏன்?

தெருவில் யாரும் மறைக்கவில்லை. ரெஜினா அக்கா சிரிக்கவே செய்தாள்.

"சோறு வடிக்கவே நேரம் பத்தல. இதுல தண்ணிக்கு வேற ஒல வைக்கணுமாக்கும்? எழுதிக்கோ தம்பி, சோம்பேறின்னே எழுதிக்கோ."

அவள் சொன்னபடியே எழுதினான்.

வீட்டு வரிசையில் அவனுடையது நாற்பத்தொன்று. அதை மட்டும் கடைசியாக நிரப்பினான். மனைவியின் பெயர். வயது இருபத்தைந்து. ஏழு மாதக் கர்ப்பம். காமாலை. இறந்த தேதி. எல்லாவற்றையும் நிறுத்தாமல் எழுத முடிந்தது.

ஏழில் பேனா நின்றது.

'ஆம்' கட்டத்தில் டிக் அடித்தான்.

ஒரு வீடுதானே என்று நினைத்தான்.

"பாருங்கம்மா," என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை. "காய்ச்சாத வீட்டுல எல்லாம் படுத்து எந்திரிச்சிட்டாங்க. காய்ச்சிக் குடிச்ச வீட்டுலதான் சாவு விழுந்திருக்கு. அப்ப தண்ணி மேல எப்படிப் பழியப் போடறது? ரோட்டத் தோண்டணும்னு நான் எழுதினா, எனக்கு மேல இருக்கறவங்க மொத கேள்வியே இதைத்தான் கேப்பாங்க."

ரெஜினா அக்கா மேசைமேல் குனிந்தாள்.

"மெதுவாப் பேசுங்க சார். அது இந்தத் தம்பி வீடு. அந்தப் புள்ள அவ்வளவு சுத்தம் சார். காய்ச்சாம ஒரு வாய் குடிச்சிருக்காது."

அதிகாரி அவனை நிமிர்ந்து பார்த்தார். சாரி என்றார். படிவங்களைத் தட்டி அடுக்கினார். நாடாவைச் சுற்றினார்.

காமாலை வருவதற்கு முன் ஒரு நாள், அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரம் இருந்தது.

மனைவிதான் வைத்திருந்தாள். காய்ச்சிக் குடிக்கச் சொல்லி நர்ஸம்மா சொன்னார்களாம். அவன் எட்டிப் பார்த்தான். குளோரின் போட்டுத்தான் விடுகிறார்கள், அதெல்லாம் தேவையில்லை என்றான். கல்லூரியில் மூன்று வருடம் வேதியியல் படித்தவன்.

"கெமிஸ்ட்ரியே சொல்லிருச்சு. அப்புறம் என்ன?"

சிரித்துக்கொண்டே அடுப்பை அணைத்தாள்.

மறுநாள் வைக்கவில்லை. அதற்கு மறுநாளும்.

ரெஜினா அக்காவின் மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம். அதே குழாய்த் தண்ணீர்.

நாடாவில் முடிச்சு விழப்போனது.

"ஒரு நிமிஷம் சார். அதுல ஒரு தப்பு இருக்கு."

கட்டுக்குள்ளிருந்து தன் வீட்டுப் படிவத்தை உருவினான். 'ஆம்' கட்டத்தின் குறுக்கே கோடு போட்டான். 'இல்லை'யில் டிக் அடித்தான். பக்கத்தில் கையெழுத்துப் போட்டான்.

எட்டாம் கேள்விக்கு ஒரே ஒரு வரிதான் இடம் விட்டிருந்தான். மற்ற வீடுகளுக்கு அது போதுமாக இருந்தது.

அவன் ஓரத்திலும் எழுதினான்.

எழுதி முடித்துத் தாளை மேசையில் வைத்தான். நிமிரவில்லை.

ரெஜினா அக்கா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். உதடு அசைய, முதல் சொல்லிலிருந்து தொடங்கினாள்.

கை இன்னும் அவன் தோளில்தான் இருந்தது.