இரவல் ஸ்பிரேயர்

காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தவருக்கு, வாசலில் பக்கத்து நிலத்துக்காரனைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கால் தகராறில் இருவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சே கிடையாது.

“அண்ணே, மருந்தடிக்கிற ஸ்பிரேயரை இன்னிக்கு மட்டும் கொடுங்க. என்னோடது பழுதாயிடுச்சு.”

“என்ன அவசரம்?”

“தக்காளியில புழு. இன்னிக்கே அடிக்கலேன்னா ஒரு காய்கூடத் தேறாது.”

விரட்டத்தான் வாயெடுத்தார். சட்டென்று ஒரு யோசனை வந்தது. கடைசியாக வரப்புக்குக் களைக்கொல்லி அடித்துவிட்டு, ஸ்பிரேயரைக் கழுவாமலே வைத்திருந்தார். அதன் வாடை பட்டாலே தக்காளிச் செடி சுருண்டுவிடும்.

தலையணைக்கு அடியிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்து வீசினார்.

“கழுவித்தான் வச்சிருக்கேன். அப்படியே மருந்தை ஊத்தி அடி.”

அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். ‘ஒழிஞ்சேடா நீ’ என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

சாயங்காலம் மனைவி தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

“கோவிச்சுக்காதீங்க. நீங்க படுத்ததிலேருந்து நம்ம தக்காளியைப் புழு தின்னுக்கிட்டிருக்கு. நான்தான் அவர்கிட்ட கெஞ்சினேன். உங்ககிட்ட சொன்னா விடமாட்டீங்கன்னு, சொல்ல வேணாம்னேன். பாவம், காலையிலேருந்து ஒத்தை ஆளா அடிக்கிறார். இன்னும் நாலு வரிசைதான் பாக்கி.”

“நிறுத்தச் சொல்லுடி!” அலறியபடியே எழப் பார்த்தவர், வலி பொறுக்காமல் கட்டிலிலேயே சரிந்தார்.

அவள் முகம் சிவந்துவிட்டது.

“உதவி செய்யிற மனுஷன் மேல இன்னுமா விரோதம்? முழுசா அடிச்சு முடிக்காம அவர் அங்கேயிருந்து நகர மாட்டார். நானும் நிறுத்தச் சொல்ல மாட்டேன்!”