தகரச் சத்தம்

வார விடுமுறைக்குத் தலைநகர் லுசாகாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த லிக்காண்டோ, சாம்பேசி ஆற்றில் படகை நிறுத்தித் தூண்டில் போட்டார். கரையோர மக்காச்சோளத் தோட்டத்தில் யானைக்கூட்டம். ஓர் ஆள் தகரத்தைத் தட்டி அவற்றை விரட்டிக்கொண்டிருந்தார்.

“யோவ், நிறுத்துய்யா! மீனும் ஓடுது, யானையும் மிரளுது. வாயில்லா ஜீவன், நாலு கதிர் தின்னா உன் குடியா முழுகிடும்?”

“நல்லாக் கேளுங்க!” என்றபடி மனைவி நமகாவ் பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். “ஐயய்யோ, என்னங்க, அது உங்க அண்ணன்!”

“அண்ணனா? நம்ம ஊரு இந்தப் பக்கமா இருக்கு?”

“பத்து வருஷத்துல ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். வருஷா வருஷம் நம்ம வீட்டுக்கு மூட்டை மூட்டையா வர்றது இந்தச் சோளந்தான்.”

லிக்காண்டோ தூண்டிலைப் படகுக்குள் எறிந்தார். மீன் வறுக்க வைத்திருந்த வாணலியை எடுத்து, அண்ணனைவிடப் பலமாகத் தட்ட ஆரம்பித்தார்.