முட்டுக்கல்

"எனக்கெதுக்குடா ஃபோர் வீல் டிரைவ்? முன்சக்கரம் ரெண்டும்தான் பின்னால உக்காந்து வருதே" என்று எங்களைக் காட்டிச் சிரிப்பார் ஏலத்தோட்டத்து முதலாளி. சேற்று வளைவில் அவருடைய பழைய பிக்கப் வழுக்கும்போதெல்லாம் நாங்கள் குதித்துத் தள்ளுவோம். மொக்கையன் பின் டயருக்குக் கல்லை முட்டுக்கொடுப்பான். அந்த டயர் உருண்டு அவன் பாதம் நசுங்கியபோதும் முதலாளி வண்டியை மாற்றவில்லை. போன மாதம் நாலு மூட்டை ஏலக்காய் சேற்றில் விழுந்தது. உடனே ஃபோர் வீல் டிரைவ் வண்டியாக மாற்றிவிட்டார். இனி முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும்.

புது வண்டியில் முதல் நாள், அந்த ஏற்ற வளைவு வந்ததும் பழக்கதோஷத்தில் எல்லோரும் குதித்துவிட்டோம். வண்டி நிற்காமல் ஏறியது.

"நடந்தே வாங்கடா, முன்சக்கரங்களா!" என்று மேலேயிருந்து கத்தினார் முதலாளி.

மொக்கையன் கையில் கல் இருந்தது.

"கீழ போட்டுட்டு வாடா" என்றேன்.

"வண்டி திரும்ப எறங்கித்தானண்ணே ஆகணும்" என்றான்.