குலுக்கலில் போடாத பெயர்

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை லேப்டாப் மேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. திண்டுக்கல் வீட்டு மாடியறையில் ஷைனி அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் வெளிவராத ஆன்லைன் கேமை முன்கூட்டியே ஆடிப் பார்த்துக் குறை சொல்ல நாற்பது பேரைக் குலுக்கலில் தேர்ந்தெடுப்பதுதான் கம்பெனியில் அவள் வேலை. நெய்க்காரப்பட்டி மணிமேகலை மூன்றாவது முறையாக விண்ணப்பித்துவிட்டு, குரல் செய்தியில் கேட்டிருக்கிறாள்: “ஏனுங்க அக்கா, இந்தத் தடவையும் எனக்குக் குலுக்கல்ல விழுகலீங்களா?” பின்னால் ஒரு கோழி கொக்கரிக்கிறது. பழைய போன் வைத்திருப்பவர்களைக் குலுக்கலுக்கு முன்பே கழித்துவிடுவார்கள். அவர்களுக்கும் போவதென்னவோ அதே பதில்தான்: ‘இம்முறை உங்களுக்கு அதிர்ஷ்டம் இல்லை.’ அந்த வரியை அனுப்பப்போன ஷைனியின் விரல் நிற்கிறது. பக்கத்தில் ஆறிப்போன டீயில் ஏடு படிந்திருக்கிறது. காரணம் சொல்லக் கூடாது என்பது கம்பெனிக் கட்டளை. தெரிந்தால் வேலைக்கே உலை. வரியை அழிக்கிறாள். போனை வாயருகே பிடித்து மெதுவாகச் சொல்கிறாள்: “உன் பேரைக் குலுக்கல்லயே போடலம்மா. மூணு தடவையும் போடல. உன் போன் பழசு, அம்புட்டுத்தான்.” பதிலாக வருகிற மணிமேகலையின் குரலில் கோபமே இல்லை. “அப்ப நான் ஒண்ணும் ராசியில்லாதவ இல்லைங்களா அக்கா?”