கழலாத வளையம்

"ஏலே, நிச்சயத்தன்னைக்கு இந்த வளையம் கழண்டு விழுந்துச்சுன்னா உன் கடை இங்கன இருக்காது. பாத்துக்க!"

ஒச்சாண்டி பேனாவை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது, அறைந்தார். கம்பத்தில் வாழைமண்டி நடத்துகிறவர். அவர் குரலை உயர்த்தினால் ஏலம் கூவுகிறவனே வாயை மூடிக்கொள்வான். மரப்பேனா கடைந்து விற்கும் ஆதித்தன் எந்த மூலைக்கு?

பேனா ஒச்சாண்டி ஆசைப்பட்டுச் செய்யச் சொன்னதுதான். தம்பி மகள் சிம்ரனின் நிச்சயப் பத்திரிகையில், சொந்தத் தோட்டத்துப் புளியமரத்தில் கடைந்த பேனாவால்தான் இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஆனால் மரத்தண்டையும் நிப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பித்தளை வளையம் அதற்குள் இரண்டு தடவை கழன்றுவிட்டது.

"அப்படி என்னத்தடா போட்டு ஒட்டுன?"

"மொதல்ல சூப்பர் க்ளூ போட்டேன்யா. சட்டுனு பிடிக்கும், ஆனா ஓங்கித் தட்டுனா விட்ரும். அடுத்து அரக்கு வச்சேன். நல்லாப் பிடிக்கும். சூடு பட்டா மட்டும் இளகிரும்."

"எவன்டா பேனாவக் கொண்டுபோயி அடுப்புல வக்கிறான்?"

 அதுதான் ஆதித்தனுக்கும் விளங்கவில்லை.

"சபையில பேனா ரெண்டாப் போனா சகுனத் தடை. எங்க ஐயா காலத்துல இருந்து தடைன்னா தடைதான், பத்திரிகையக் கிழிச்சுப் போட்டு எந்திரிச்சு வந்துருவேன். ஊரெல்லாம் சொல்லியாச்சு. என் மானம் போனா உன்னையச் சும்மா விடுவனா?"

"இந்தத் தடவ எபாக்ஸி போடுறேன்யா. ரெண்டு ட்யூப்பக் கலந்து போடுறது. மரம் ஒடஞ்சாலும் வளையம் வராது."

அண்ணன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த ஈஸ்வரபாண்டி அப்போதுதான் வாயைத் திறந்தார். பெண்ணைப் பெற்றவர் அவர்தான். ஆனாலும் அண்ணன் எதிரில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"அது... வெந்நி பட்டாக் கழலுமா தம்பி?"

"கழலாதுண்ணே."

"கீழ விழுந்தா?"

"விழுந்தாலும் அசையாது."

ஈஸ்வரபாண்டியின் முகம் வெளுத்துப் போயிருந்தது. பாவம், மனிதர் நம்மைவிடப் பயந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான் ஆதித்தன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அவர்கள் போனதும் வேலையை ஆரம்பித்தான். பழைய அரக்கைச் சுரண்டி எடுத்தான். பித்தளை வழவழப்பாக இருந்தால் பசை பிடிக்காது என்று உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்தான். இரண்டு பசையையும் கலந்து தடவினான். வளையத்தை மாட்டிக் கட்டி, ஒரு நாள் முழுக்க அதை யாரையும் தொட விடவில்லை. சாமி கும்பிடப் போன இடத்திலும் வளையத்துக்காகத்தான் வேண்டிக்கொண்டான்.

நிச்சயம் உத்தமபாளையத்தில் ஒரு மண்டபத்தில். "நீயும் வந்து முன்னால உக்காருடா" என்று ஒச்சாண்டி உத்தரவு போட்டிருந்ததால் ஆதித்தன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். நாற்பதைத் தொடும் மாப்பிள்ளை மீசையை நீவிக்கொண்டிருந்தார். சிம்ரன் தலை நிமிரவே இல்லை. கல்யாணப் பெண்ணுக்கு வெட்கம் போலிருக்கிறது.

மாப்பிள்ளையின் அப்பா கையெழுத்துப் போட்டார். வளையம் நின்றது. ஒச்சாண்டி அழுத்திப் போட்டார். அப்போதும் நின்றது.

அடுத்து ஈஸ்வரபாண்டி. பேனாவை வாங்கியவர் உடனே எழுதவில்லை. வேர்த்த விரல்கள் வளையத்தின் மேலேயே ஊர்ந்துகொண்டிருந்தன. ஐயோ, அதைப் போட்டு ஏன் இப்படித் திருகுகிறார்? மறுகணம் பேனா அவர் கையிலிருந்து நழுவி, சிமெண்டுத் தரையில் டங்கென்று விழுந்தது. சபையே திரும்பிப் பார்த்தது. ஆதித்தன் கண்களை இறுக மூடிக்கொண்டான். கடை போச்சு.

"என்னடா கை நடுங்குது? எடுத்துப் போடு!" ஒச்சாண்டியின் அதட்டல் கேட்டுக் கண்ணைத் திறந்தான். பேனா முழுசாகக் கிடந்தது. ஈஸ்வரபாண்டி குனிந்து எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். ஆதித்தனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பந்தியில் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டுக் கை கழுவப் போனான். குழாயடியில் ஈஸ்வரபாண்டி தனியாக நின்றிருந்தார்.

"பாத்தீகளாண்ணே? கீழ விழுந்தும் அசையலையே!" என்றான் பெருமையாக.

அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளைக்கு இது ரெண்டாந்தாரம் தம்பி. மூத்தவ எப்படிச் செத்தான்னு கேட்டா அந்த வீட்டுல ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டேங்குறாக. வேணாம்ப்பான்னு எம்புள்ள கால்ல விழுந்து அழுதுச்சு. அண்ணன எதுத்துப் பேச எனக்குத் துப்பில்ல. சகுனத் தடைன்னா மட்டுந்தான் அவுக கேப்பாக."

"அண்ணே..."

"சபையில கையோட வரட்டும்னு, ஓங்கித் தட்டியும் வெந்நில முக்கியும் ரெண்டு தடவையும் அந்த வளையத்தக் கழட்டி வச்சது நான்தான். ரெண்டு தடவையும் வளையம் ஆடுறத அண்ணன் முன்னாலயே பாத்துட்டு உன்கிட்ட ஒட்டக் கொண்டாந்துட்டாக. இன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னால திருகிப் பாத்தேன், கீழயும் போட்டுப் பாத்தேன்... வரலையேப்பா!"