கூடைக் கயிறு

தேயிலைத் தோட்டத்தில், பகல் நிறுவை முடிந்த கொழுந்து மடுவக் கொட்டகையில், இரத்தினபுரியிலிருந்து வந்த ஒருவனும் ஒருத்தியும் வசனமே இல்லாமல் ஒரு நாடகம் ஆடுகிறார்கள். தகர ஓட்டை வழியாக இறங்கும் வெயிலில் தூசி மிதக்கிறது. அவன் வெறுங்கூடையைத் தூக்கி அவள் முதுகில் வைத்து, கயிற்றைத் தலைத்துணிமேல் பதமாக மாட்டிவிடுகிறான். அவள் சிரித்தபடி சுழல்கிறாள். சுற்றி உட்கார்ந்து பார்க்கும் கொழுந்து பறிக்கும் பெண்களும் சிரிக்கிறார்கள், இப்படிக் கூடை மாட்டிவிட்டுத்தான் இந்தத் தோட்டத்தில் பாதிக் கல்யாணம் நடந்திருக்கிறது. மறுபடியும் மாட்டுகிறான். இப்போது கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் முன்னே எட்டு வைக்க, தலை பின்னே இழுபடுகிறது. அதே கயிறு, அதே கை, ஸ்பீக்கரில் அதே மெட்டு. சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

“எந்த எடத்துலடீ மாறிச்சு?” ஜெசிந்தா பக்கத்திலிருக்கும் சிவகாமியின் காதைக் கடிக்கிறாள். “நான் கண்ண எடுக்காமத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்.”

“நானுந்தான் பாத்தேன். தெரியலியே.”

ஆட்டம் முடிந்து எல்லாரும் எழும்புகிறார்கள். கொழுந்துச் சாக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் புருசன் ரொபின்சன், வழக்கம்போல வந்து அவள் கூடையைத் தூக்கி முதுகில் வைத்து, கயிற்றைத் தலையில் மாட்டுகிறான். “மழ வரப்போவுது, போ” என்கிறான். ஜெசிந்தா நகரவில்லை. கயிற்றிலிருந்து அவன் கை எப்போது எடுபடும் என்று, திரும்பிப் பார்க்காமல் காத்து நிற்கிறாள்.